மொமேனாவின் பின்னலில் ஏறிய விஷம்

செவ்வாய்க்கிழமை, காலை.

நெல் குதிருக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவிய போலீஸ் தாரோகா லுத்ஃபர், துருப்பிடித்த தகர டப்பா ஒன்றை வெளியே எடுத்தார். மூடியைத் திறந்தார். உள்ளே கருஞ்சாம்பல் நிறப் பொடி. குப்பென்று ஒரு நாற்றம் சமையலறையை நிறைத்தது.

“யா அல்லா!” என்று முற்றத்தில் கூடியிருந்த பெண்கள் அலறினார்கள்.

“பாத்துக்கோங்க! எல்லாரும் நல்லாப் பாத்துக்கோங்க! நான் போலீஸ் தாணாவுல சொன்னப்போ நம்பினீங்களா? என் தங்கச்சிக்குச் சோத்துல விஷம் வச்சிருக்கா இந்தப் பொம்பள!”

கத்தியவன் எக்ராமுல். பக்கத்து நோல்பாரி ஊர்க்காரன். அவன் தங்கை மொமேனாவைத்தான் இந்த வீட்டுக்குக் கட்டிக் கொடுத்திருந்தது. மாப்பிள்ளை மலேசியாவில் வேலை பார்க்கிறான். வீட்டில் மாமியார் ஜொபேதா, காது கேட்காத மாமனார், ஏழு மாதக் கர்ப்பிணியான மொமேனா. ஆக மூன்றே பேர்.

ஜொபேதா சுவரோடு சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள். “அது எலிக்கு வாங்கினது சாயேப். குதிருக்குள்ள எலி புகுந்து நாசம் பண்ணுது. என் பேரக்குழந்தைய வயித்துல சுமக்கிறவளுக்கு நான் விஷம் வைப்பேனா? என் நாக்கு அழுகிடாதா?”

“நாக்கு அழுகிறது அப்புறம் இருக்கட்டும். முதல்ல தாணாவுக்கு நட” என்றார் தாரோகா.

மஹ்ஃபூஜா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை அமளிக்கும் பிள்ளையார்சுழி போட்டது அவள்தான். டாக்காவிலிருந்து நிலத்தடி நீரை ஆராய வந்தவள் அவள். முப்பத்தைந்து வயது. சுற்று வட்டாரத்தில் கிழவர்கள்கூட அவளை “ஆபா” என்றுதான் கூப்பிடுவார்கள், எல்லோருக்கும் அவள் அக்கா. மேக்னா நதியோரத்து மண்ணுக்கடியில் இயற்கையாகவே ஆர்சனிக் கிடக்கிறது. அது தண்ணீரில் கலந்தால் நிறமும் தெரியாது, மணமும் தெரியாது, ருசியும் மாறாது. அதனால் அடிகுழாய்களைச் சோதித்து, கெட்டதன் மூக்கில் சிவப்பும் நல்லதன் மூக்கில் பச்சையும் பூசிவிட்டுப் போவார்கள். மஹ்ஃபூஜாவின் குழு கர்ப்பிணிகளின் சிறுநீரையும் பரிசோதித்தது. ஈத் முடிந்த வாரம் மொமேனாவின் சிறுநீரை எடுத்தபோது ஆர்சனிக் எக்கச்சக்கமாய் இருந்தது. அதே குழாயில் குடிக்கும் மாமியாருக்கும் மாமனாருக்கும் ஒன்றுமே இல்லை. குழாயோ பச்சைக் குழாய். மஹ்ஃபூஜாவே மறுபடி சோதித்தாள். தண்ணீர் சுத்தம்.

அப்படியானால் விஷம் எங்கிருந்து வந்தது? மொமேனாவிடம் அவள் மெதுவாகத்தான் சொன்னாள். மொமேனா அண்ணனுக்குப் போன் செய்தாள். அண்ணன் போனை வைத்த கையோடு தாணாவுக்கு ஓடியிருக்கிறான்.

“சாயேப், அந்த டப்பாவைக் குடுங்க” என்று வாங்கி முகர்ந்தாள் மஹ்ஃபூஜா. “பூண்டு நாத்தம் அடிக்குது. இது வேற மருந்து. இதுல ஆர்சனிக் கிடையாது.”

“விஷம் விஷம்தானே ஆபா! அதுல என்ன சாதி பாக்கச் சொல்றீங்க?” என்றார் தாரோகா.

“இந்தப் பொடியத் தின்னிருந்தா ஒரே நாள்ல கதை முடிஞ்சிருக்கும். அதுவுமில்லாம, போன வாரம் ரெண்டாவது தடவை சோதிச்சேன். அவ சிறுநீர்ல ஆர்சனிக் ரொம்பக் குறைஞ்சிருந்தது.”

தாரோகாவின் முகம் மலர்ந்தது. “பின்ன? நீங்க சோதனை பண்றது தெரிஞ்சதும் கிழவி நிறுத்திட்டா. கையும் களவுமா மாட்டினது இதுதான்!”

அவர் சொன்னதிலும் ஒரு நியாயம் இருந்தது. அதுதான் மஹ்ஃபூஜாவுக்கு எரிச்சலாக இருந்தது.

“தலைப்பிரசவம் எப்படியும் எங்க வீட்லதான். இன்னிக்கே கூட்டிட்டுப் போறேன். கிளம்பு மொமேனா!” என்றான் எக்ராமுல்.

மொமேனா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இருபத்தொரு வயது. இடுப்புக்குக் கீழே தொங்கும் பின்னல். அண்ணனையும் பார்த்தாள், தரையில் கிடந்த மாமியாரையும் பார்த்தாள். யாரை நம்புவதென்று அவளுக்குத் தெரியவில்லை.

“வியாழக்கிழமை சாயங்காலம் வரைக்கும் பொறுங்க சாயேப். அவ தலைமுடில கொஞ்சம் வெட்டி டாக்காவுக்கு அனுப்பியிருக்கேன். முடிவு வந்துடும். அதுவரைக்கும் அவ சுகாதார நிலையத்துல இருக்கட்டும், நான் பாத்துக்கறேன்” என்றாள் மஹ்ஃபூஜா.

“முடி பேசுமா ஆபா?”

“கேக்கத் தெரிஞ்சா பேசும்.”

தாரோகா சிரித்தார். “வியாழன் சாயங்காலம். அதுக்கு மேல ஒரு நிமிஷம் கிடையாது. கிழவி தாணாவுக்கு, பொண்ணு அண்ணன் வீட்டுக்கு.”

அன்று மதியம்.

கூட்டம் கலைந்த முற்றத்தில் மஹ்ஃபூஜா தனியாக ஜொபேதாவோடு உட்கார்ந்தாள். அடிகுழாயைச் சுற்றிலும் இருந்த சிமெண்ட் மேடை மையைக் கொட்டியதுபோல் கறுத்துக் கிடந்தது. ஜொபேதா கண்ணைத் துடைத்துக்கொண்டே வெறும் டீ போட்டுக் கொண்டுவந்தாள். கண்ணாடி கிளாஸில் மாதுளைச் சாறு நிறத்தில் இருந்தது. அடிவரை தெரிந்தது.

“மருமக எப்படிம்மா? சண்டை உண்டா?”

“சண்டை இல்லாத வீடு எது? மீனுக்கு உப்பு ஜாஸ்தின்னு சொல்வேன். அவ மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவா. அதுக்காகக் கொல்லுவாங்களா?”

“அவளுக்குன்னு தனியா ஏதாவது சமைக்கிறது?”

“ஒரே சட்டி, ஒரே சோறு.”

“தண்ணி?”

“இதே குழாய்தான். வேற எங்க போறது?”

“உங்களுக்கு யார் மேலயாவது சந்தேகம்?”

“என் மேலயே எனக்குச் சந்தேகம் வந்துடுச்சு மகளே. ஊர் பூரா சொல்லுது. தூக்கத்துல எழுந்து நான்தான் ஏதாவது கலந்துட்டேனோன்னு நினைக்கிறேன்.”

சுகாதார நிலையத்தில் மொமேனா கட்டிலில் சுருண்டு படுத்திருந்தாள்.

“உன் மாமியார் எப்படி?”

“கத்துவாங்க ஆபா. ஆனா ராத்திரி கால் வீங்கினா எண்ணெய் தேய்ச்சு விடுவாங்க. அந்தக் கையாலேயே விஷம் வச்சாங்கன்னா... நினைச்சாலே உடம்பு கூசுது.”

“அண்ணன்?”

“அப்பா போனப்புறம் அவர்தான் எனக்கு எல்லாம். கல்யாணமே நடக்காதுன்னு இருந்தேன். ரெண்டு சம்பந்தம் வீடு வரைக்கும் வந்து முறிஞ்சு போச்சு. ஏன்னு கேட்டா அண்ணன் சொல்லவே மாட்டார். மூணாவதா இது அமைஞ்சது.” அவள் வயிற்றைத் தடவிக்கொண்டாள். “ஆபா, உள்ள இருக்கிறதுக்கு ஒண்ணும் ஆகாதில்ல?”

மஹ்ஃபூஜா பொய் சொல்லத் தெரியாதவள். “இனிமே உள்ள போகாம பாத்துக்கணும். எங்கிருந்து போச்சுன்னு தெரிஞ்சாத்தான் அது முடியும்” என்றாள்.

புதன்கிழமை, முற்பகல்.

சைக்கிள் வேனில் நோல்பாரிக்குப் போய் இறங்கினாள். எக்ராமுல் வீட்டு வாசலில் திருவிழாக் கூட்டம். பத்துப் பன்னிரண்டு பெண்கள் குடங்களோடு வரிசையில் நின்றார்கள். நடுவில் அடிகுழாய். மூக்கு, கழுத்து, கைப்பிடி, எல்லாமே பளபளவென்று பச்சை. மேடை மட்டும் செங்கல்லை அரைத்துக் கரைத்து ஊற்றியதுபோல் செக்கச்செவேலென்று காவியேறியிருந்தது.

“என்னம்மா, இவ்வளவு கூட்டம்?” என்று முன்னால் நின்ற பெண்ணிடம் கேட்டாள். அவள் பெயர் ரஹேலா.

“எங்க தெருவுல பச்சை இது ஒண்ணுதான் ஆபா. முன்னெல்லாம் மசூதி வரைக்கும் நடக்கணும். எக்ராமுல் பாய் நல்ல மனுஷன், கேட் பூட்டுறதே இல்ல.”

உள்ளே எக்ராமுலின் மனைவி கோஹினூர் பதற்றத்தோடு பாய் விரித்தாள். எக்ராமுல் வெளியே போயிருந்தான். சற்று நேரத்தில் பால் டீ வந்தது. பால்பவுடரை அள்ளிக் கொட்டியிருந்தாள்.

“எனக்குப் பால் ஒத்துக்காது பாபி. வெறும் டீ இருந்தா குடுங்க.”

கோஹினூரின் முகம் விழுந்தது. “எங்க வீட்ல பால் டீதான் ஆபா. வெறும் டீ நல்லாவே வராது.”

“எப்படி வந்தாலும் பரவாயில்ல.”

வந்தது. கறுப்பென்றால் அப்படியொரு கறுப்பு. பள்ளிக்கூடத்து மைப்புட்டியைக் கவிழ்த்த மாதிரி இருந்தது. மஹ்ஃபூஜா உதட்டில் பட்டும் படாமலும் வைத்துவிட்டுக் கீழே வைத்தாள்.

“மொமேனா இங்க அடிக்கடி வருவாளா?”

“வராம? பொறந்த வீடாச்சே! மாம்பழ மாசம் முழுக்க இங்கதான் இருந்தா. அப்புறம் குளிர் ஆரம்பிச்சதும் பிட்டா பலகாரம் சுட வந்தா. இப்போ ஈதுக்கு வந்து மூணு வாரம் இருந்துட்டுப் போனா. வந்தா அண்ணன் லேசுல விடமாட்டார். பாசம் அப்படி.”

“குழாயை யார் சோதிச்சாங்க?”

“அதெல்லாம் ஆபீஸ்காரங்க வந்து பூசிட்டுப் போனது” என்றாள் கோஹினூர். சொல்லும்போது அவள் கண்கள் கதவைத் தேடின.

கிளம்பும்போது மஹ்ஃபூஜா ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டாள். செருப்பைக் கழுவுவதுபோல் குனிந்து, வீட்டுச் சாவியின் முனையால் குழாயின் மூக்கை லேசாகச் சுரண்டினாள். பார்த்தாள். சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். திரும்பும் வழியில் வேன்காரர் உடம்பு சரியில்லையா என்று இரண்டு முறை கேட்டார்.

வியாழக்கிழமை, மாலை.

ஜொபேதாவின் முற்றத்தில் தாரோகா நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஜொபேதா ஒரு துணிமூட்டையோடு தயாராக நின்றாள், தாணாவுக்கு. எக்ராமுல் வேன் பிடித்து வந்திருந்தான், தங்கையைக் கூட்டிப் போக. மொமேனா நடுவில் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

மஹ்ஃபூஜா இரண்டு சிறிய பாட்டில்களை மேசைமேல் வைத்தாள். ஒவ்வொன்றிலும் தண்ணீர். மருந்துப் பொடியைப் போட்டு, வெள்ளைக் காகிதம் பொருத்திய மூடியால் மூடினாள்.

“ஆர்சனிக் இருந்தா ஆவி எழும்பி இந்தக் காகிதத்தைப் பழுப்பாக்கும். கொஞ்ச நேரம் ஆகும். அதுக்குள்ள முடி என்ன சொல்லிச்சுன்னு சொல்றேன்.”

“சொல்லுங்க, சொல்லுங்க” என்று தாரோகா காலை நீட்டிக்கொண்டார்.

“முடி மாசத்துக்கு அரை விரல்கடை வளரும். அந்த மாசம் உடம்புக்குள்ள என்ன போச்சோ அது அந்தத் துண்டுலயே தங்கிடும். மொமேனா பின்னலை டாக்காவுல நல்லாக் கழுவி, துண்டு துண்டா நறுக்கிச் சோதிச்சிருக்காங்க. நுனி பழைய முடி. அதுல ஒண்ணுமில்ல. அப்புறம் ஓரிடத்துல திடீர்னு ஏறுது. எந்த இடத்துல தெரியுமா? அவ கல்யாணத்துக்கு ஏழெட்டு மாசம் முன்னால!”

தாரோகா காலை மடக்கினார். “முன்னாலயா? அப்போ இந்தக் கிழவிக்கும் இவளுக்கும் என்ன சம்பந்தம்?”

“அதேதான். இவங்க அப்போ இந்தப் பொண்ணு முகத்தையே பாத்ததில்ல. இன்னும் கேளுங்க. கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்ததும் ஆர்சனிக் மளமளன்னு இறங்குது. ஆனா நடுவுல மூணு மேடு. ஒண்ணு மாம்பழ மாசம். ஒண்ணு குளிர் ஆரம்பம். மூணாவது, வேர்கிட்ட, இந்த ஈது.”

மொமேனா மெல்ல நிமிர்ந்தாள். “அது... நான் நாயோர் போனது.”

நாயோர். பெண் பிறந்த வீட்டுக்கு விருந்தாடப் போவதற்கு அந்த ஊர்ச்சொல். அந்த ஒற்றைச் சொல் விழுந்ததும் முற்றத்தில் எல்லோரும் எக்ராமுல் பக்கம் திரும்பினார்கள்.

“ஆமா. நீ பொறந்த வீட்டுக்குப் போகும்போதெல்லாம் விஷம் ஏறியிருக்கு. மாமியார் வீட்டுக்குத் திரும்பும்போதெல்லாம் இறங்கியிருக்கு. நான் முதல்ல உன் சிறுநீரை எடுத்தது, நீ ஈது முடிஞ்சு வந்த வாரம். ரெண்டாவது தடவை குறைஞ்சதுக்குக் காரணம் இவ மாமியார் நிறுத்தினதில்ல சாயேப். அவ அந்தத் தண்ணிய நிறுத்தினது.”

“பொய்!” எக்ராமுல் எழுந்தான். “எங்க குழாய் பச்சை! ஊரே குடிக்குது!”

“பச்சைதான் பாய். ரொம்பவே பச்சை. ஆபீஸ்காரங்க பூசினா மூக்குல மட்டும்தான் பூசுவாங்க, டப்பா பெயிண்டை வீணாக்க மாட்டாங்க. உங்க குழாய்ல கைப்பிடி வரைக்கும் பச்சை. உங்க மேடை சிவந்து கிடக்கு, உங்க வெறும் டீ மையாட்டம் கறுக்குது. தண்ணில இரும்பு நிறைய இருந்தாத்தான் ரெண்டும் நடக்கும். இந்தப் பக்கத்துல இரும்பு இருக்கிற தண்ணில பெரும்பாலும் ஆர்சனிக்கும் இருக்கும். இங்க பாருங்க, மேடைல மாங்கனீசுக் கறுப்பு, டீ தெளிவு, இரும்பு இல்ல. அந்த டீயோட கறுப்பை மறைக்கத்தானே உங்க வீட்ல பால்பவுடர்?” அவள் பையிலிருந்து சாவியை எடுத்தாள். “மூக்கைச் சுரண்டிப் பாத்தேன். பச்சைக்கு அடியில சிவப்பு இருக்கு. மொமேனாவுக்கு விஷம் குடுத்தது இவங்க இல்ல சாயேப். இவர்.”

“தவ்பா, தவ்பா...” தாரோகா நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார். இருபது வருட உத்தியோகத்தில் புகார் கொடுத்தவனையே குற்றவாளியாய்ப் பார்த்து அவருக்குப் பழக்கமில்லை.

மஹ்ஃபூஜா மூடிகளைத் திருப்பினாள். ஜொபேதா வீட்டுக் காகிதம் வெள்ளை வெளேரென்று இருந்தது. எக்ராமுல் வீட்டுக் காகிதம் அடர்ந்த பழுப்பு.

எக்ராமுல் அதைப் பேயறைந்தவன்போல் பார்த்தான். அப்புறம் தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டான்.

“ரெண்டு சம்பந்தம் ஆபா! வாசல் வரைக்கும் வந்து, சிவப்பு மூக்கைப் பாத்துட்டு, பொண்ணு முகத்தைக்கூடப் பாக்காம திரும்பிட்டாங்க. சிவப்புக் குழாய் வீட்டுப் பொண்ணுக்கு நோய் இருக்கும், பிள்ளை தங்காதுன்னு பேச்சு. நான் என்ன பண்ணுவேன்? கடையில பச்சைப் பெயிண்ட் வாங்கி ராவோட ராவா அடிச்சேன். ஆபீஸ்காரங்க மறுபடி சோதிச்சுப் பூசினாங்கன்னு ஊர்லயும் சொன்னேன், இவகிட்டயும் சொன்னேன். கல்யாணம் முடிஞ்சதும் திரும்பச் சிவப்பாக்கிடலாம்னுதான் நினைச்சேன். அப்படி அடிச்சா ஏமாத்திட்டேன்னு இவளைத் திருப்பி அனுப்பிட மாட்டாங்களா?”

“குடிக்காமலாவது இருந்திருக்கலாமே?”

“முதல்ல மசூதிக் குழாய்லதான் எடுத்தோம். ‘வீட்ல பச்சைய வச்சுக்கிட்டு எங்க போறீங்க’ன்னு தெருவே கேட்டுது. அப்புறம் நாங்களும் குடிச்சோம். தண்ணி தண்ணி மாதிரிதானே இருந்தது? என் பிள்ளைங்களும் அதைத்தான் குடிக்குதுங்க!”

“நான் போன் பண்ணினப்போ உங்களுக்குத் தெரிஞ்சு போச்சு, இல்ல பாய்ஜான்?” மொமேனாவின் குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. “தெரிஞ்சுதான் தாணாவுக்கு ஓடினீங்க.”

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

தாரோகா ஜொபேதாவின் மூட்டையைக் குனிந்து எடுத்து அவளிடமே கொடுத்தார். “மன்னிச்சுடுங்க சாச்சி. உள்ள போங்க.”

ஜொபேதா உள்ளே போகவில்லை. அவள் எக்ராமுலைத் திட்டுவாள், காறித் துப்புவாள் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவளோ மருமகளைப் பார்த்தபடி, தனக்குத்தானே பேசுவதுபோல் சொன்னாள்:

“சிவப்பா இருந்திருந்தா நான் பொண்ணெடுத்திருக்க மாட்டேன். அவன் நினைச்சது தப்பில்ல. நானும் வாசல்ல நின்னு மூக்கைத்தான் முதல்ல பாத்தேன்.”

மஹ்ஃபூஜாவுக்கு யாரோ ஓங்கி அறைந்ததுபோல் இருந்தது. குற்றவாளியைக் கண்டுபிடித்தாயிற்று என்று அவள் நினைத்திருந்தாள். இந்த வட்டாரத்தில் வாசல்வாசலாய்ப் போய் அந்தச் சிவப்பைப் பூசிவிட்டு வந்த ஆட்களில் அவளும் ஒருத்தி. பூசிய வீட்டுப் பெண்கள் என்ன ஆனார்கள் என்று அவள் ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை.

மொமேனா சட்டென்று எழுந்தாள். “பாய்ஜான், இப்போ நம்ம குழாய்ல யார் தண்ணி அடிச்சுக்கிட்டு இருக்காங்க?”

எக்ராமுல் அவளை ஏறிட்டான். மாலை நேரம். தெருப் பெண்கள் எல்லோரும் குடமெடுத்து வரும் நேரம்.

“எல்லாரும்” என்றான்.

தங்கையைக் கூட்டிப்போக அவன் பிடித்து வந்த அதே வேனில் எல்லோருமாய் ஏறினார்கள். ஜொபேதா மருமகளின் முதுகைத் தாங்கிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

நோல்பாரி வாசலில் வரிசை நீண்டிருந்தது. ரஹேலா கைப்பிடியை அழுத்திக்கொண்டிருந்தாள். அவளுடைய கடைக்குட்டி குழாய் மூக்குக்குக் கீழே இரண்டு கையையும் குவித்து ஏந்திக் குடித்துக்கொண்டிருந்தது. மொமேனா வேனிலிருந்து இறங்கிய வேகத்தில் போய் அந்தக் கையைத் தட்டிவிட்டாள். குழந்தை வீறிட்டது.

“என்ன புள்ள, பைத்தியமா உனக்கு?” என்றாள் ரஹேலா.

மொமேனா திரும்பி அண்ணனைப் பார்த்தாள். “நீங்களே சொல்லுங்க.”

தாரோகா வாயெடுத்தார். மஹ்ஃபூஜா அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

எக்ராமுல் சொன்னான். தலையைத் தூக்காமல், திக்கித் திக்கி, பெயிண்ட் வாங்கியதிலிருந்து தாணாவுக்கு ஓடியது வரைக்கும் சொன்னான். கோஹினூர் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஒரு குடம் யார் கையிலிருந்தோ நழுவி விழுந்து உருண்டது. யாரும் அதை எடுக்கவில்லை.

ரஹேலா நிரம்பிய குடத்தைப் பார்த்தாள். தன் மூன்று பிள்ளைகளைப் பார்த்தாள். அவள் கத்தவுமில்லை, அழவுமில்லை. குடத்தை மேடைமேல் கவிழ்த்தாள்.

“உன் தங்கச்சிய நல்ல இடத்துல கட்டிக் குடுத்துட்டே, இல்ல?” என்று மட்டும் கேட்டாள்.